அத்தானின் கனவுக்கு நான் எழுதிய முடிவு

1

இந்தக் கதையைப் பணத்துக்காக எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இதை வெளியிடும் பத்திரிகை சொல் எண்ணிக்கைக்குப் பணம் தருகிறது. இரண்டாயிரத்துச் சொச்சம் சொற்களுக்குக் கிடைப்பது, ஒரு மனநல ஆலோசகரின் முன்னால் இரண்டு முறை, ஐம்பது ஐம்பது நிமிடம் உட்காரப் போதும். உட்காரப்போவது நான் அல்ல. என் அக்காவின் கணவர். அத்தான்.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். எட்டு மாதத்துக்கும் மேலாக அவருக்கு ஒரே கனவு வருகிறது. அந்தக் கனவுக்கு ஒரு முடிவு வேண்டும். முதலில் முடிவு எழுதிக் கொடுத்தவன் நான். அது என்ன செய்தது என்பதுதான் கதை. அத்தான் இனி தூங்குவாரா என்பது, இதை எழுதத் தொடங்கும் இன்று, எனக்குத் தெரியாது.

(எழுதிப் பாதியில் கைவிட்ட வாக்கியங்களுக்கும் பணம் உண்டா என்று ஆசிரியரிடம் கேட்டேன். பதில் வரவில்லை. அதனால் அவற்றை அடிக்காமல் விட்டிருக்கிறேன்.)

2

முதல் தொடக்கம்: 'அவர் அலறிக்கொண்டு கண்விழித்தபோது அறை முழுக்க'

கண்விழிப்பதில் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை. வேண்டாம்.

இரண்டாவது: 'எல்லா உயரமான கட்டிடங்களின் நடுவிலும் ஒரு கிணறு இருக்கிறது. அதில் தண்ணீருக்குப் பதில் மனிதர்கள்'

இது பரவாயில்லை என்று தோன்றியது. அத்தானிடம் படித்துக் காட்டினேன்.

"கிணறா? ஷாஃப்ட்டுன்னு சொல்லு மச்சான். கிணத்துல வாளிய இல்ல இறக்குவாங்க."

"லிஃப்டும் கயித்துலதானே தொங்குது?"

"அதுக்குப் பேரு ரோப். கயிறுன்னு எழுதிப்புட்டா ஒருத்தனும் ஏற மாட்டான்."

மூன்றாவது தொடக்கத்தில் எந்த அழகும் இல்லை. நடந்தது மட்டும்.

ஓர் அலுவலகக் கட்டிடம். ஆறு மாடி. மாதாந்திர சர்வீஸ். அத்தான் உச்சியில் மோட்டார் அறையில் இருந்தார். அவருடைய கூட்டாளி கீழே குழியில். கூட்டாளியை எல்லோரும் நெட்டையன் என்று கூப்பிடுவார்கள். குழி என்பது லிஃப்ட் கடைசியாக வந்து நிற்கும் இடத்துக்கும் அடியில் இருக்கும் பள்ளம்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. குழியில் இருப்பவர் வாக்கிடாக்கியில் 'வெளியே வந்துவிட்டேன்' என்று சொன்னால் போதாது. மேலே இருப்பவர் படியிறங்கி வந்து அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். மறுபடி ஏறிப்போய்த்தான் ஸ்விட்சைப் போட வேண்டும். குரலுக்குப் போடாதே, முகத்துக்குப் போடு என்பார்கள். அன்று அது நான்காவது கட்டிடம். அத்தானுக்கு முழங்கால் வலி. நெட்டையன் "வந்துட்டேன்" என்றான். உண்மையிலேயே வந்துவிட்டான். அத்தான் ஸ்விட்சைப் போட்டார். டார்ச்சை விட்டுவிட்டது நினைவு வந்து நெட்டையன் மறுபடி குழிக்குள் கால் வைத்தான்.

இடது கால். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

இப்போது அவனுக்கு உதிரிபாகக் கிடங்கில் உட்கார்ந்த வேலை. தப்பு என்னுடையது என்று விசாரணையில் அவனே சொன்னான். அத்தானுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது, அவ்வளவுதான். அன்றிலிருந்து அவர் நெட்டையனைப் பார்க்கப் போகவில்லை. எந்த லிஃப்டிலும் ஏறவில்லை. கம்பெனி அவரைப் புகார் வாங்கும் மேசையில் உட்காரவைத்திருக்கிறது. நாள் முழுக்க யார் யாரோ அவரைக் கூப்பிட்டு, லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது என்கிறார்கள்.

3

கனவு இது.

தரைத்தளம். கட்டிடத்தில் யாரும் இல்லை. எல்லா விளக்குகளும் எரிகின்றன. அத்தான் லிஃப்ட் கதவின் சாவித்துளையில் சாவியைத் திருப்புகிறார். கதவுகள் காகிதம் போல விலகுகின்றன. குழி நிறையத் தண்ணீர். அசையாத தண்ணீர். அதில் ஷாஃப்ட் தலைகீழாகத் தெரிகிறது. மாடிக்கு மேல் மாடி, போகப்போகச் சிறுத்து, அடியாழத்தில் ஒரு சின்னச் சதுர வெளிச்சம். நெட்டையன் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறான். சட்டை நனையவில்லை. நிமிர்ந்து பார்க்கிறான். பேருந்தில் பக்கத்து இருக்கையைக் கேட்பவன் போலக் கேட்கிறான்.

"மேல வரட்டுமா?"

வா என்று சொல்ல வேண்டும். ஒரே எழுத்து. ஆனால் அத்தானின் வாய்க்குள் துணி இருக்கிறது. எண்ணெய் துடைக்கும் பழந்துணி. இழுக்கிறார். வருகிறது. இன்னும் இழுக்கிறார். இன்னும் வருகிறது. தண்ணீரின் அடியில் தெரிந்த சதுர வெளிச்சம் மெல்ல மூடுகிறது. மேலிருந்து லிஃப்ட் இறங்குகிறது. சத்தமே இல்லை. சாயங்காலம் இறங்குவது போல இறங்குகிறது.

பிறகு அலறல்.

வாரத்துக்கு ஐந்து முறை, சில வாரம் ஆறு.

அக்கா ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். சட்டத்தில் லென்ஸைப் பொருத்துவது அவள் வேலை.

"எட்டு மாசமா இந்த வீட்ல யாரும் தூங்கலடா. நேத்து ஒருத்தருக்கு வலது கண் லென்ஸ இடது பக்கம் மாட்டிட்டேன்."

"ஐயையோ. அப்புறம்?"

"போட்டுப் பாத்துட்டு, இப்பத்தாம்மா உலகமே தெளிவாத் தெரியுதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அவர விடு. இவரு இப்படியே போனா என்னைக்காவது நின்னுக்கிட்டே விழுந்துடுவாரு. ஒரு வழி பண்ணணும்."

4

அக்கா ஆலோசகரைத் தேடியது ஃபிரிட்ஜ் வாங்குவதற்குத் தேடுவது போல. ஒரு நோட்டில் கட்டம் போட்டுக்கொண்டாள். ஒருவர் நம் கண்ணெதிரே விரலை இடமும் வலமுமாக ஆட்டுவார், கண்ணால் அதைப் பின்தொடர்ந்துகொண்டே நடந்ததை நினைக்க வேண்டும். ஒருவர் அறையில் மணல் நிரப்பிய தட்டும் குட்டிப் பொம்மைகளும் இருக்கும், பேச முடியாததை மணலில் வைத்துக் காட்டலாம். ஒருவர் கணவனையும் மனைவியையும் சேர்த்துத்தான் பார்ப்பார். இன்னொருவர் பெரும்பாலும் பேசவே மாட்டார். கட்டத்தில் இருந்ததிலேயே அதிகக் கட்டணம் அவருக்குத்தான்.

"பேசாம உக்காந்திருக்கறதுக்கா இவ்வளவு?" என்றார் அத்தான். "அப்ப உங்கம்மா என்கூடப் பேசாம இருந்த ரெண்டு வருஷத்துக்கு நான் எவ்வளவு தரணும்?"

"அது இலவசம். சொந்தம்னு விட்டாங்க."

கடைசி வரியில் ஒரு பெண். கெட்ட கனவுகளுக்கு மட்டும் என்று தனியாகப் பயிற்சி எடுத்தவர். முறையின் பெயர் கனவு ஒத்திகை. அக்கா அதைச் சுற்றி வட்டம் போட்டாள்.

பணம் இப்படி: கம்பெனியின் மருத்துவக் காப்பீடு நான்கு அமர்வுகளுக்குக் கொடுக்கும். முதல் வாரம் ஒரு முறையும் நான்காவதன் முடிவில் ஒரு முறையும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். வாரத்துக்கு எத்தனை முறை அலறல், எத்தனை முறை விழிப்பு, விழித்ததும் பயம் பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு. அதைப் பார்த்துவிட்டு மேலும் இரண்டு தரலாம், தராமலும் இருக்கலாம்.

அத்தான் படிவத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பழுதுபட்ட சர்க்யூட் போர்டை அப்படித்தான் பார்ப்பார்.

"கனவு நின்னுபோச்சுன்னு எழுதினா, சரியாப்போச்சு, போயிட்டு வான்னுடுவான். நிக்கலன்னு எழுதினா, வைத்தியம் வேலை செய்யல, வேணாம்னுடுவான். நடுவுல எவ்வளவு கனவு காணணும்னு இவங்ககிட்டயே கேட்டுச் சொல்லு."

5

ஆலோசகரை என்னால் நம்ப முடியவில்லை. மனிதரை அல்ல, பாத்திரத்தைச் சொல்கிறேன்.

நான் அவரை இன்னும் பார்த்திருக்கவில்லை. அத்தானிடம் கேட்டால், "சாதாரணமா இருந்தாங்க" என்றார். ஆகவே நானே எழுதினேன்: 'கண்ணாடிக்குப் பின்னால் கனிவான கண்கள். சன்னலோரம் ஒரு செடி. அவர் குரலில்' வேண்டாம். எல்லா ஆலோசகர்களுக்கும் எழுத்தாளர்கள் அதே செடியைத்தான் வைக்கிறார்கள்.

அத்தான் தந்த ஒரே தகவல் இது. அறை ஐந்தாவது மாடியில். லிஃப்டைத் தொடாமல் அத்தான் படியேறிப் போனார். மூச்சு வாங்கியது. ஆலோசகர் மேசையிலிருந்த கடிகாரத்தைக் கவிழ்த்து வைத்தாராம். மூச்சு சீரான பிறகு நிமிர்த்தினாராம். அதிலிருந்துதான் ஐம்பது நிமிடம்.*

* இதைக் கேட்டபின் செடியை எடுத்துவிட்டேன்.

முறை எளிது. விழித்திருக்கும்போது கனவை எழுத வேண்டும். முடிவை மாற்ற வேண்டும். எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம், நியாயம் தேவையில்லை. மாற்றியதை ஒவ்வொரு நாளும் பகலில் பத்து நிமிடம் கண்ணை மூடி ஓட்டிப் பார்க்க வேண்டும். நாடகத்துக்கு ஒத்திகை பார்ப்பது போல. பலருக்கு இரவு மெல்ல அந்தப் புதிய பாதையில் நடக்கப் பழகிக்கொள்கிறதாம்.

முடிவை எழுதிவருவது வீட்டுப்பாடம். ஒரு வாரம் அத்தான் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு அதை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார்.

"விபத்தப் பத்தி விளக்கக் கடிதம் எழுதினேன்ல, அதுக்கப்புறம் பேனா புடிச்சா கை வேர்க்குது மச்சான். நீதான் எழுதறவனாச்சே. ஒரு முடிவு போட்டுக் குடு."

"எப்படி இருக்கணும்?"

"நல்லா முடியணும்."

நன்றாக முடிய வேண்டும் என்றார். நான் நன்றாக முடித்துக் கொடுத்தேன். இரண்டும் ஒன்றல்ல என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

6

நான் எழுதியது:

'கதவுகள் விலகுகின்றன. குழியில் தண்ணீர் இல்லை. வெளிச்சம். பால் போல அடியில் தேங்கிக் கிடக்கும் வெளிச்சம். நெட்டையன் நிமிர்ந்து பார்க்கிறான். மேல வரட்டுமா என்கிறான். இவர் பதில் சொல்லவில்லை. மண்டியிட்டுக் கையை நீட்டுகிறார். அவனும் நீட்டுகிறான். இரண்டு விரல் நுனிகளுக்கும் நடுவே ஒரு சாண்.'

அவ்வளவுதான். அங்கே நிறுத்தினேன். எழுதிவிட்டு அறைக்குள் இரண்டு முறை நடந்தேன். கைகள் சேருமா, சேராதா? வாசகன் தீர்மானிக்கட்டும். இருபது வருடமாக நான் படித்ததும் பழகியதும் இதைத்தான். முடிவைச் சொல்பவன் வாசகனை மதிக்காதவன்.

அத்தான் வாங்கிப் படித்தார்.

"மீதி?"

"அவ்வளவுதான் அத்தான்."

"ஓ." மறுபடி படித்தார். "படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

நாள்தோறும் பிற்பகலில், புகார் மேசையில் அழைப்புகள் ஓயும் நேரத்தில், அவர் கண்ணை மூடி அதை ஓட்டிப் பார்த்தார். ஒழுங்கான மனிதர். பத்து நிமிடம் என்றால் பத்து நிமிடம்.

பன்னிரண்டாவது நாள் அக்கா போன் செய்தாள். குரலே மாறியிருந்தது.

"டேய், நேத்து அலறல. முந்தாநாளும் அலறல. நீ எழுதினதுக்கு முதல் தடவையா ஒரு பிரயோஜனம்."

7

கனவு கீழ்ப்படிந்துவிட்டது. நான் எழுதிய இடத்தில் சரியாக நின்றது.

துணி இல்லை. இறங்கும் லிஃப்ட் இல்லை. அத்தான் மண்டியிட்டிருக்கிறார். கை நீண்டிருக்கிறது. எதிரே இன்னொரு கை. நடுவே ஒரு சாண். எதுவும் நடக்கவில்லை. நெட்டையனின் கண்கள் இமைக்கவில்லை. அடியில் வெளிச்சம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒரு கனவுக்குள் எவ்வளவு நேரம் இருக்க முடியுமோ அவ்வளவு நேரமும் அதே சாண். விடியும்வரை. அலறினால் விழித்துக்கொள்ளலாம், ஆனால் அலற ஏதும் இல்லை.

காலையில் எழுந்தால் வலது தோள் விண்விண்ணென்று தெறிக்கும். தூங்கியதாகவே இருக்காது.

முதலில் அவர் யாரிடமும் சொல்லவில்லை. அக்கா எட்டு மாதத்தில் முதல் தடவையாகத் தூங்கத் தொடங்கியிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எப்படிச் சொல்வது?

நான்காவது அமர்வில் படிவம் வந்தது. அலறல்: இல்லை. விழிப்பு: இல்லை. விழித்ததும் பயம்: அத்தான் யோசித்தார். அது பயம் இல்லை. அதற்குக் கட்டம் இல்லை. இரண்டு என்று எழுதினார். முதல் வாரம் அதே கட்டத்தில் ஒன்பது எழுதியிருந்தார். ஆலோசகர், "உங்க முகம் ரெண்டு மாதிரி இல்லையே" என்றாராம். அத்தான், "வெயில்ல வந்தேன் மேடம்" என்றாராம்.

ஒன்பது இரண்டாகிவிட்டது. காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. முன்னேற்றம் திருப்திகரமாக உள்ளது. மேலும் அமர்வுகள் தேவைப்படவில்லை. வாழ்த்துகள்.

அன்றுதான் அத்தான் என் அறைக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, வலது தோளை இடது கையால் பிசைந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். கோபப்படவில்லை. ஒரு மெக்கானிக் இன்னொரு மெக்கானிக்கிடம் பேசுவது போலப் பேசினார்.

"நீ செஞ்ச வேலையில ஒரு கோளாறு இருக்கு மச்சான். ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுபோச்சு."

8

அந்த வாரம் நான் மூன்று புதிய முடிவுகள் எழுதினேன். அக்கா வீட்டுச் சமையலறையில் வைத்துப் படித்துக் காட்டினேன். அக்கா அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். இப்போது அவளுக்கும் தெரியும்.

அ. கைகள் சேர்கின்றன. அத்தான் நெட்டையனை மேலே இழுத்துவிடுகிறார்.

"அவன் எம்பத்தஞ்சு கிலோ. மண்டி போட்டுக்கிட்டு ஒத்தக் கையில இழுத்தா நானும் உள்ள போயிடுவேன்."

"கனவுல எதுக்கு அத்தான் கிலோ?"

"எனக்குத்தானே வருது? என் கனவுல கிலோ உண்டு."

ஆ. லிஃப்ட் தானாகவே நின்றுவிடுகிறது.

"லிஃப்ட் தானா நின்னா அதுக்குப் பேரு பழுது. அதச் சரிபண்ணவும் என்னத்தான் கூப்பிடுவாங்க."

இ. தண்ணீர் மெல்ல உயர்கிறது. நெட்டையன் மிதந்து மேலே வருகிறான். கதவு வரை வந்ததும் படியில் கால் வைப்பவன் போல வெளியே வருகிறான். (இது எனக்குப் பிடித்திருந்தது. இப்போதும் பிடித்திருக்கிறது.)

அத்தான் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார். அதைப் பார்க்கிறார் என்று தெரிந்தது. தண்ணீர் உயர்வதை.

"நல்லாருக்கு," என்றார். "ஆனா குழியில வயர் போகுது. தண்ணி ஏறினா கரண்ட் அடிச்சுடும்."

அக்கா அரிசிப் பாத்திரத்தை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"ஏங்க, அவன் கஷ்டப்பட்டு எழுதிட்டு வர்றான். உங்களுக்கு எது சொன்னாலும் ஒரு வயரு."

"ஏன், உனக்கு லென்ஸ மாத்தி மாட்டினா ஒத்துக்குவியா?"

"ஒருத்தரு ஒத்துக்கிட்டாரே."

மூவரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அத்தானின் கை மறுபடி தோளுக்குப் போனது. 

இன்னும் இரண்டு அமர்வு வேண்டும். சொந்தப் பணத்தில்தான் போக வேண்டும். கெடுத்தவன் நான், நானே கட்டுகிறேன் என்றேன். எப்படி என்று அக்கா கேட்டாள். என் கணக்கில் என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு கதை எழுதிக் கொடுத்தால் பத்திரிகை முன்பணம் தருகிறது என்றேன். எதைப் பற்றி என்று அத்தான் கேட்டார்.

நான் கையிலிருந்த காகிதங்களைப் பார்த்தேன். அது போதுமானதாக இருந்தது.

"என் கனவ வித்து எனக்கே வைத்தியமா?" என்றார்.

"வேணாம்னா வேணாம் அத்தான்."

அவர் எழுந்து தண்ணீர் குடித்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

"வித்துக்கோ. கால வித்துக்கோ, குழிய வித்துக்கோ, உங்கம்மா பேசாம இருந்தத வேணும்னாலும் வித்துக்கோ. இந்தத் தடவ ஒரு முடிவு வந்துச்சுன்னா அத மட்டும் விக்காத. அத எழுதிப்புட்டா அப்புறம் அது உன்னோடதாயிடும்."

சரி என்றேன்.

9

ஐந்தாவது அமர்வுக்கு ஆலோசகர் எங்கள் மூவரையும் வரச்சொன்னார். படியேறிப் போனோம். கடிகாரம் கவிழ்ந்திருந்தது. செடி உண்மையிலேயே இல்லை.

ஆலோசகர் ஒரு காகிதத்தைக் கொடுத்தார். காப்பீடு இல்லாமல் வருபவர்களுக்கானது. அதில் மூன்று தொகைகள் இருந்தன. எது முடியுமோ அதில் குறியிட வேண்டும். சம்பளச் சீட்டு கேட்பதில்லை. காகிதத்தைக் கொடுத்துவிட்டு அவர் சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். எதிர்க் கட்டிடத்தில் ஒருவர் கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். குறியிட்டு முடிக்கும்வரை ஆலோசகர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா மேல்தொகையில் பேனாவை வைத்தாள். நான் முன்பணத்தை மனதுக்குள் எண்ணினேன்.

"எதுக்குடீ?" என்று அத்தான் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"கொறச்சலாக் குடுத்தா கொறச்சலாக் கேப்பாங்க."

"காதுக்கு என்ன ரெகுலேட்டரா இருக்கு? நடுவுல போடு."

நடுத்தொகையில் போட்டாள்.

கடிகாரம் நிமிர்ந்தது. நான் ஒப்புக்கொண்டேன். முடிவை நான் எழுதினேன் என்றேன். ஆலோசகர் நான் எழுதிய காகிதத்தை வாங்கிப் படித்தார். இரண்டு முறை.

"நல்லா எழுதியிருக்கீங்க."

"நன்றி."

"யாருக்கு எழுதினீங்க?"

இவருக்கு என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லவில்லை. அவர் மேலும் கேட்கவில்லை. காகிதத்தை அத்தானிடம் கொடுத்தார்.

"இதுல உங்களுக்கு எது தப்பாப் படுது? கதையா இல்ல. வேலையா."

அத்தான் காகிதத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் படித்தார். தலையை ஆட்டினார்.

"கதவத் தெறந்த உடனே யாரும் கைய நீட்ட மாட்டாங்க மேடம். தலைய வாங்கிடும். தெறந்ததும் மொதல்ல மேல பாக்கணும். லிஃப்ட் எந்த மாடியில நிக்குதுன்னு."

"பாத்தீங்களா?"

"எதுல?"

"கனவுல."

அத்தான் காகிதத்தை மடியில் வைத்தார். அறையின் வெளிச்சம் மாறியது போலிருந்தது. எதிர்க் கட்டிடத்தில் துடைத்து முடித்த கண்ணாடியிலிருந்து வெயில் திரும்பி வந்து எங்கள் கூரையில் ஒரு நீளமான கட்டமாக ஆடியது. அது மெல்ல நகர்வதை நால்வரும் பார்த்தோம்.

"இல்ல," என்றார். "தண்ணியில தெரியறதத்தான் பாத்துட்டிருந்தேன். ஒரு நாள்கூட தலையத் தூக்கி மேல பாக்கல. அது எங்க நிக்குதுன்னே எனக்குத் தெரியாது."

"இந்த வாரம் பாருங்க. பகல்ல, கண்ண மூடிக்கிட்டு. பாத்துட்டு என்ன செய்யணும்னு உங்களுக்குத் தோணுதோ அத எழுதுங்க. மச்சான் எழுத வேணாம்."

அதற்குமேல் அவர் எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பாத்திரத்தை நான் சந்தேகித்தது ஐந்தாவது பகுதியில் இருக்கிறது. அதைத் திருத்தவில்லை. பத்திரிகை அதற்கும் பணம் தரும்.

10

பேனா பிடித்தால் கை வேர்க்கிறது என்று சொன்ன மனிதர் இருபத்திரண்டு வருடமாக ஒவ்வொரு நாளும் எழுதிக்கொண்டிருந்தவர் என்பது எனக்கோ அக்காவுக்கோ தோன்றவே இல்லை. சர்வீஸ் முடிந்ததும் ஒரு சீட்டு எழுதுவார்கள். போன நேரம். பார்த்தது. செய்தது. மீதி வேலை. அடியில் கையெழுத்து. அது எழுத்து என்று அவரும் நினைத்ததில்லை.

மூன்றாம் நாள் புகார் மேசையின் இழுப்பறையிலிருந்து ஒரு சீட்டுக் கட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தார். நடுவில் கார்பன் வைத்தார். அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஒருதரம் நிமிர்ந்து கூரையைப் பார்த்துவிட்டு எழுதினாராம். இருபது நிமிடம் கூட ஆகவில்லையாம்.

"என்ன எழுதினாரு?"

"கேட்டேன். சர்வீஸ் சீட்ட கஸ்டமரத் தவிர யாருக்கும் காட்டக்கூடாதுன்னாரு."

இங்கே சில முடிவுகளை உங்களுக்குத் தரலாம். இந்த மாதிரிக் கதைகளில் அது வழக்கம். 'மேலே பார்க்கிறார், லிஃப்ட் எங்கும் இல்லை, வெறும் வானம்' என்று ஒன்று. 'லிஃப்டுக்குள் அவரே நின்றுகொண்டு கீழே' என்று இன்னொன்று. எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் மின்கம்பி இல்லை. கிலோ இல்லை. அவர் ஒரே பார்வையில் கோளாறைச் சொல்லிவிடுவார்.

இன்று ஆறாவது அமர்வு. நானும் அக்காவும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கதவு மெல்லிய பலகை. அத்தானின் குரல் கேட்டது. சொற்கள் பிரிந்து கேட்கும் தூரம்தான். "போன நேரம்" என்று தொடங்கினார். நான் எழுந்து படியிறங்கி மூன்றாம் மாடியில் போய் நின்றேன். அக்கா கொஞ்ச நேரம் கழித்து வந்தாள்.

"கேட்டியா?" என்றேன்.

"கேட்டேன்."

"சொல்லாத."

"சொல்ல மாட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா எழுத்துல உன்னவிட மோசம்டா. ஒரே ஸ்பேர் பார்ட்ஸ் பேரா இருக்கு."

அவர் வெளியே வந்தபோது முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்தோம். மணி நான்கு. சட்டையைக் கூட மாற்றாமல் சோபாவில் உட்கார்ந்தார். ஒத்திகைக்குக் கண்ணை மூடினார். பத்து நிமிடம் என்றால் பத்து நிமிடம். இது ஐம்பதாவது நிமிடம்.

சன்னல் திரை காற்றில் உள்ளே வருகிறது, வெளியே போகிறது. அவர் நெஞ்சும் அதே வேகத்தில் ஏறி இறங்குகிறது. நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அக்கா சமையலறை வாசலில் நிற்கிறாள்.

"எழுப்பட்டுமா? டீ ஆறிப்போயிடும்."

"ஆறட்டும்."

மூடிய இமைகளுக்கு அடியில் கண்கள் நகர்கின்றன. கீழே. பிறகு நெடுநேரம் அங்கேயே. இப்போது மெல்ல மேலே.

கழுத்தும் சற்று நிமிர்கிறது. அவர் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன். உதடுகள் பிரிகின்றன. ஏதோ சொல்கிறார். சொல்லிவிட்டு நிறுத்துகிறார், பதிலுக்குக் காத்திருப்பவர் போல. மறுபடி சொல்கிறார். நான் இருக்கும் இடத்திலிருந்து ஓர் அடி குனிந்தால் கேட்டுவிடும்.

பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்துகொள்ளப் போகிறேன். வாக்குக் கொடுத்தவன் நான். நீங்கள் கொடுக்கவில்லை. நாற்காலி காலியாகத்தான் இருக்கும். உட்காருங்கள், வேண்டுமானால் குனிந்து கேளுங்கள். நானும் அக்காவும் சமையலறையில் இருப்போம். என்ன கேட்டது என்று எங்களிடம் வந்து சொல்ல வேண்டாம்.

கேட்காவிட்டாலும் பரவாயில்லை. எழுப்பிவிடாதீர்கள்.